அச்சாரம் கொடுக்கும் முன் அளந்து பாருங்கள்



மே மாதம் நமக்கு எப்படிப்பட்ட மாதம் என்பதைக் கொடைக்கானலில் கடை வைத்திருக்கும் எவருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பிரையண்ட் பூங்காவில் மலர்க் கண்காட்சி. மூஞ்சிக்கல்லிலிருந்து ஏழு ரோடு வரை வண்டி மேல் வண்டி. வத்தலக்குண்டிலிருந்து ஏறி வரும் லாரி சரக்கை இறக்கவே இடம் இருக்காது. வருடத்து வாடகையையும் வட்டியையும் இந்தச் சில வாரங்களில்தான் தேற்றியாக வேண்டும். சாப்பிடக்கூட நேரமின்றி நிற்கிறோம்.

அதே மே மாதத்தில்தான் பிளஸ் டூ முடிவும் வருகிறது. பொறியியல் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் நாட்களும் அப்போதுதான் ஓடுகின்றன. பையன் மதிப்பெண் தாளோடு கல்லாவுக்கு எதிரே வந்து நிற்பான். நாம் ஒரு கையில் எடை போட்டுக்கொண்டே, "எவ்வளவுடா? சரி, நல்ல மார்க்குதான், ராத்திரி பேசுவோம்" என்போம். ராத்திரி பேசுவதில்லை. பேச வேறொருவர் வந்துவிடுவார். வெள்ளைச் சட்டை, கையில் பளபளக்கும் புத்தகம். "அண்ணாச்சி, இந்த மார்க்குக்கு கவுன்சலிங்கில் ஒன்றும் கிடைக்காது. நமக்குத் தெரிந்த கல்லூரி இருக்கிறது. இரண்டே இடம்தான் பாக்கி. இன்றைக்கு அட்வான்ஸ் போட்டால் இடம் உங்களுக்கு" என்பார். நாம் நம்பிவிடுவோம்.

நான் கேட்கிறேன். வடுகபட்டிச் சந்தையிலிருந்து வந்த ஒரு தரகர், "உங்கள் பூண்டுக்கு இன்றைக்கு விலையே இல்லை, கிடைத்த விலைக்குக் கொடுங்கள்" என்று சொன்னால் நம்பிவிடுவோமா? நாலு மண்டிக்குப் போன் போட்டு, வரத்து எவ்வளவு, போன வாரம் என்ன விலை என்று விசாரிக்காமல் மூட்டையை அவிழ்ப்போமா? அரிசி மூட்டையைக் குத்தூசி போட்டுப் பார்க்காமல் இறக்குவோமா? பத்தாயிரம் ரூபாய்ச் சரக்குக்கு இத்தனை விசாரணை செய்கிற நாம், நாலு வருடப் படிப்புக்கும் பல லட்சம் ரூபாய்க்கும் ஒரு விசாரணையும் செய்வதில்லை. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்ற பழமொழியைக் கடைப்பையனுக்குச் சொல்கிறோம், நமக்குச் சொல்லிக்கொள்வதில்லை.

பிள்ளைக்கு எந்தக் கல்லூரியில் இடம் கிடைக்கும் என்பது ஜோசியம் பார்த்துச் சொல்கிற விஷயமன்று. கூட்டல் கழித்தல் தெரிந்த எந்த வியாபாரியும் தன் கடையில் உட்கார்ந்தே ஓரளவு கணித்துவிடலாம். அதை விளக்கவே இந்தக் கட்டுரை.

மதிப்பெண் வேறு, வரிசை எண் வேறு

முதலில் கணக்கு. தமிழ்நாட்டில் பொறியியல் சேர்க்கைக்கு இப்போது மாநில நுழைவுத் தேர்வு இல்லை. 1984இல் தொடங்கிய அந்தத் தேர்வு, 2007 - 2008 கல்வியாண்டு முதல் நீக்கப்பட்டது. பிளஸ் டூ மதிப்பெண்தான் அடிப்படை. கணக்குப் பாடத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50, ஆக 200. ஒரு பிள்ளை கணக்கில் 92, இயற்பியலில் 84, வேதியியலில் 88 வாங்கியிருந்தால் 92, 42, 44 சேர்த்து 178. இதைத்தான் கட்ஆஃப் என்கிறார்கள்.

பலர் இந்த 178ஐ வைத்துக்கொண்டே, "போன வருஷம் அந்தக் கல்லூரியில் 178க்குக் கொடுத்தார்கள், நமக்கும் கிடைக்கும்" என்று மனக்கோட்டை கட்டுகிறார்கள். தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. பூம்பாறைப் பூண்டு போன வருடம் இருந்த அதே தரத்தில் இந்த வருடமும் இருக்கலாம், விலையும் அதேதானா? வரத்தைப் பொறுத்தல்லவா விலை? மதிப்பெண்ணும் அப்படித்தான். 2024ஆம் ஆண்டுத் தரவரிசைப் பட்டியலில் 200க்கு 200 பெற்றவர்கள் 65 பேர். 2025இல் அதே 200ஐ 144 பேர் பெற்றார்கள். பட்டியலில் இருந்தவர்களும் சுமார் 2 லட்சத்திலிருந்து 2 லட்சத்து 41 ஆயிரமாக உயர்ந்தார்கள். முழு மதிப்பெண் வாங்கிய பிள்ளைக்கே முதல் வருடம் 65 பேருக்குள் இடம். மறு வருடம் 144 பேருக்குள் இடம். இது உச்சியிலே. நடுவிலே, ஒரே மதிப்பெண்ணில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் நிற்கிற இடத்தில், வித்தியாசம் இன்னும் பெரிதாகும்.

ஆகவே மதிப்பெண்ணை விட்டுவிட்டு வரிசை எண்ணைப் பாருங்கள். ரேஷன் கடையில் நம் பையில் எவ்வளவு பணம் இருக்கிறது என்பதா கேள்வி? நமக்கு முன்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்பதுதானே? தரவரிசைப் பட்டியல் வெளியாகும்போது உங்கள் பிள்ளைக்கு இரண்டு எண்கள் தெரியும். ஒன்று பொதுத் தரவரிசை. மற்றது வகுப்புவாரித் தரவரிசை. 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே 69 விழுக்காடு இட ஒதுக்கீடு. மீதி 31 விழுக்காடு பொதுப் பிரிவு எல்லா வகுப்பினருக்கும் உரியது. முதலில் பொதுப் பிரிவில் இடம் இருக்கிறதா என்று பார்த்து, இல்லாவிட்டால் அவரவர் வகுப்புப் பிரிவில் பார்ப்பார்கள். ஆகவே இரண்டு எண்களையும் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஒரே மதிப்பெண் பெற்றவர்களுக்குள் யார் முன்னே என்பதற்கும் விதி இருக்கிறது. முதலில் கணக்கு மதிப்பெண், அடுத்து இயற்பியல், பிறகு மற்ற மதிப்பெண்கள், அப்புறம் வயது. எல்லாம் சமமானால் சமவாய்ப்பு எண். இதில் யாருக்கும் பணம் கொடுத்து முன்னே போக வழியில்லை. வழி இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் அவரைக் கடை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

மூன்று வருடப் பேரேடு

எந்தக் கல்லூரியில், எந்தப் பாடப் பிரிவில், எந்த வகுப்பினருக்கு, எந்த மதிப்பெண் வரை இடம் கொடுத்தார்கள் என்ற முந்தைய ஆண்டுகளின் விவரம் வெளியில் கிடைக்கிறது. அதைக் கடைசி மூன்று வருடங்களுக்கு எடுத்து, ஒரு நோட்டில் பேரேடு போல எழுதுங்கள். இடப்பக்கம் கல்லூரியும் பாடமும். வலப்பக்கம் மூன்று பத்திகளில், அந்தந்த வருடம் உங்கள் வகுப்பில் கடைசியாக இடம் பெற்றவரின் வரிசை எண்.

இப்போது உங்கள் பிள்ளையின் எண்ணை அதோடு ஒப்பிடுங்கள். மூன்று வருடத்திலும் அந்த எண்ணுக்கு இடம் கிடைத்திருக்குமானால், பக்கத்தில் 'கைக்கு எட்டியது' என்று எழுதுங்கள். ஒன்றிரண்டு வருடங்களில் மட்டும் கிடைத்திருக்குமானால் 'பார்க்கலாம்'. ஒரு வருடத்திலும் கிடைத்திராது என்றால் 'ஆசை'. அவ்வளவுதான். ஒரு மாலை நேரத்து வேலை.

ஒரு எச்சரிக்கை. அந்தக் கல்லூரி இந்த வருடம் கம்ப்யூட்டர் பிரிவில் இடங்களைக் கூட்டியிருந்தால் பழைய எண்கள் கொஞ்சம் தளரும், குறைத்திருந்தால் இறுகும். வரத்து கூடினால் விலை இறங்கும், குறைந்தால் ஏறும் என்பது நமக்குத் தெரியாததா?

அடுத்தது விருப்பப் பட்டியல். 2018 முதல் கலந்தாய்வு இணைய வழியில் நடக்கிறது. அதற்கு முன் அழைப்புக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குப் போய், அண்ணா பல்கலைக்கழகத்தில் உட்கார்ந்திருந்தோம். இப்போது வீட்டிலிருந்தே விருப்பங்களை வரிசைப்படுத்திப் பதிவு செய்யலாம். இங்கேதான் படித்தவர்களும் வழுக்கி விழுகிறார்கள். "ஆசைப்படுகிற கல்லூரியை மேலே போட்டால், அதுவும் போய் இதுவும் போய்விடுமோ" என்று பயந்து, நிச்சயமாகக் கிடைக்கும் சுமாரான கல்லூரியை முதலில் போட்டுவிடுகிறார்கள். போட்டால் அதுதான் கிடைக்கும். மேலான இடம் காலியாக இருந்தாலும் கிடைக்காது, கேட்கவில்லையே!

கணினி என்ன செய்கிறது? வரிசை எண்படி ஒவ்வொரு பிள்ளையாக எடுத்து, அதன் பட்டியலை மேலிருந்து கீழாகப் பார்த்து, இடம் இருக்கிற முதல் விருப்பத்தை ஒதுக்குகிறது. மேலே இருப்பது கிடைக்காவிட்டால் தண்டனை ஏதுமில்லை. அடுத்த வரிக்குப் போகும். எனவே 'ஆசை'யை முதலில் போடுங்கள். அடுத்து 'பார்க்கலாம்'. கடைசியில் 'கைக்கு எட்டியது' தாராளமாகப் பத்துப் பதினைந்து. மனதுக்குப் பிடித்த வரிசைதான் சரியான வரிசை. ஒதுக்கீடு வந்த பிறகு ஏற்றுக்கொள்ளலாம். ஏற்றுக்கொண்டு மேலே உள்ள விருப்பத்துக்குக் காத்திருக்கவும் செய்யலாம். ஆனால் குறித்த நாளுக்குள் உறுதி செய்யாவிட்டால் இடம் போய்விடும். அந்த நாட்களில் கைப்பேசியைக் கல்லாப்பெட்டிக்குள் போட்டுவிட்டு மறந்துவிடாதீர்கள்.

என் வீட்டுக் கணக்கு

இவ்வளவும் தெரிந்தவன் போல எழுதுகிறேனே, நான் எங்கே கற்றுக்கொண்டேன் என்று கேட்கலாம். நட்டப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன்.

2011ஆம் ஆண்டு. என் மூத்த மகன் பிளஸ் டூ பரீட்சை எழுதிக்கொண்டிருந்தான். முடிவுகூட வரவில்லை. மார்ச் மாதத்தில் ஒரு தரகர் வந்தார். சமவெளியில் ஒரு கல்லூரி. பெயர் வேண்டாம். நிர்வாக ஒதுக்கீட்டில் இடம். ஒரு லட்சம் அட்வான்ஸ். சீசனுக்குச் சரக்கெடுக்க வைத்திருந்த பணம் அது. எடுத்துக் கொடுத்தேன். கையெழுத்திட்ட ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். மளிகைச் சிட்டைக்குக்கூட அதைவிட மரியாதை உண்டு.

முடிவு வந்தது. மகனுக்கு 200க்கு 188. ஊரில் எங்கள் வகுப்புப் பிரிவையே சேர்ந்த இன்னொரு பையனுக்கு 186. அவன் அப்பா சிறிய பழக்கடைக்காரர். தரகரெல்லாம் அவர் பக்கம் போகவில்லை. போனால் என்ன கிடைக்கப் போகிறது? அவர் மகனைக் கூட்டிக்கொண்டு சென்னைக்குப் போனார். ஓர் அரசுக் கல்லூரியில் இடம் வாங்கிக்கொண்டு வந்தார்.

என் மகன் கேட்டான், "அப்பா, நாமும் கவுன்சலிங் போகலாமா?" நான் தரகரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்டேன். தர முடியாது என்றார். உடனே என் வியாபாரப் புத்தி என்ன சொன்னது தெரியுமா? போட்ட முதலை விடக்கூடாது என்றது. "ஒரு லட்சம் போய்விடும்டா, அங்கேயே சேர்ந்துவிடு" என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தலையாட்டினான்.

ஒரு லட்சத்தைக் காப்பாற்ற மேலும் பல லட்சம் செலவழித்தேன். நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்ததால் முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்கவில்லை. எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் பிள்ளை அவன். 2010 முதல் அரசு கொடுத்துவரும் அந்தக் கட்டணச் சலுகை, ஒற்றைச் சாளர முறையில் சேர்ந்தவர்களுக்கு மட்டுமே. அண்ணன் பட்டதாரி ஆகிவிட்டதால் பிற்பாடு தங்கைக்கும் அது இல்லை என்றாகிவிட்டது. ஒரு பிழை, இரண்டு பற்று.

பணத்தை விடுங்கள். கெட்டுப்போன பெருங்காயத்தைக் குப்பையில் கொட்டி மறந்துவிடுகிறோம் அல்லவா, அப்படி மறந்திருப்பேன். ஆனால் அந்தக் கல்லூரியில் ஆசிரியர்கள் நிலைக்கவில்லை. பட்டறை இயந்திரங்கள் பாதி ஓடவில்லை. என் மகன் தன் முயற்சியால் தேறி, இரண்டு வருடம் தாமதமாக ஒரு வேலைக்குப் போனான். நல்ல பிள்ளை; இன்றுவரை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. அவன் சொல்லாததுதான் எனக்கு உறுத்துகிறது. 188 வாங்கியவன் அவன். அளக்கத் தெரியாதவன் நான்.

2019இல் மகள் படித்து முடித்தபோது தரகரை வாசலில் நிற்கவிடவில்லை. மேலே சொன்ன பேரேட்டை அவளே எழுதினாள். 'ஆசை' என்று குறித்த நான்கும் கிடைக்கவில்லை. 'பார்க்கலாம்' என்று குறித்த இரண்டாவது கிடைத்தது. அரசுக் கல்லூரி. சேர்க்கும்போது கட்டிய பணத்தைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்று மூன்று முறை கேட்டேன்.

பஞ்சமில்லாத சரக்குக்கு ஏன் முன்பணம்?

நம் தலைமுறைக்கு ஒரு பழைய பயம் இருக்கிறது. அதற்குக் காரணமும் உண்டு. 1984க்கு முன் பொறியியல் கல்லூரிகள் விரல் விட்டு எண்ணக்கூடியவை. கிண்டி, கோவை, காரைக்குடி, மதுரை தியாகராசர், சேலம், திருநெல்வேலி என்று சொல்லிக்கொண்டே போனால் சீக்கிரம் முடிந்துவிடும். இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அந்த ஆண்டு சுயநிதிக் கல்லூரிகளுக்கு அரசு வழிவிட்டது. இன்று தமிழ்நாட்டில் 400க்கும் மேற்பட்ட பொறியியல் கல்லூரிகள். ஆண்டுதோறும் கலந்தாய்வு முடிந்த பிறகும் பல ஆயிரம் இடங்கள் காலியாகக் கிடக்கின்றன.

சந்தையில் சரக்கு குவிந்து கிடக்கும்போது யாராவது முன்பணம் கொடுத்து வாங்குவார்களா? 'இரண்டே இடம் பாக்கி' என்கிற அந்தக் கல்லூரியிலேயே, பல சமயம் செப்டம்பரில் வகுப்பறை பாதி காலியாக இருக்கும். இன்றைய கேள்வி இடம் கிடைக்குமா என்பது அன்று. நல்ல இடம் கிடைக்குமா என்பதே. நல்ல இடம் என்றைக்கும் பஞ்சம்தான். அதற்கு வரிசை எண் ஒன்றே விலை. மற்ற இடங்களுக்கு நாம் கொடுப்பது நம் பயத்துக்கான விலை.

நன்கொடை வாங்குவதைத் தடை செய்ய 1992லேயே இம்மாநிலத்தில் சட்டம் வந்துவிட்டது. சிறுபான்மையினர் நடத்தாத சுயநிதிக் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களையும், சிறுபான்மையினர் கல்லூரிகள் 50 விழுக்காடு இடங்களையும் அரசுக் கலந்தாய்வுக்குக் கொடுக்கின்றன. தரகர் விற்க வருகிற அதே கல்லூரியில், அதே வகுப்பறையில், அடுத்த பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் கலந்தாய்வு வழியே குறைந்த கட்டணத்தில் வந்தவன். ஒரே மூட்டைச் சர்க்கரைக்கு இரண்டு விலை.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போதும் கட்டடத்தையும் பஸ்ஸையும் பார்க்காதீர்கள். பொட்டலத்தின் அழகைப் பார்த்துப் பருப்பு வாங்குகிறவன் வியாபாரியா? அண்ணா பல்கலைக்கழகம் தன்னோடு இணைந்த கல்லூரிகளின் தேர்ச்சி விழுக்காட்டை வெளியிடுகிறது. அதைப் பாருங்கள். அங்கே மூன்றாம் வருடம் படிக்கும் நம்மூர்ப் பிள்ளை ஒருவனைப் பிடித்து, ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா என்று கேளுங்கள். அதுதான் குத்தூசி.

மலைக் கிராமக் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை

மன்னவனூர், பூண்டி, கூக்கால், பண்ணைக்காடு, தாண்டிக்குடி பகுதிகளில் சின்னக் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் இதைக் கவனமாகப் படிக்க வேண்டும். 6ஆம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்த பிள்ளைகளுக்குப் பொறியியல் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு 2021 முதல் இருக்கிறது. அந்த இடத்தில் சேர்ந்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே ஏற்கிறது. வரிசையும் தனி. ஆகவே அந்தப் பிள்ளைக்கு முன்னால் நிற்பவர்கள் மிகக் குறைவு.

நாம் என்ன செய்கிறோம்? எட்டாவதோ பத்தாவதோ முடித்ததும், "இங்கே படித்தால் உருப்படாது" என்று கடன் வாங்கிச் சமவெளியில் தனியார் பள்ளி விடுதியில் கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். அந்த ஒரு மாற்றத்தில் இந்த உரிமை முழுவதும் போய்விடுகிறது. தனியார் பள்ளியில் வாங்கும் 175ஐவிட, ஊர் அரசுப் பள்ளியில் வாங்கும் 160 நல்ல கல்லூரிக்கு அருகில் கொண்டுபோய் விடலாம். பள்ளியை மாற்றவே கூடாது என்று சொல்ல வரவில்லை. இந்தக் கணக்கையும் ஒரு முறை போட்டுப் பார்த்துவிட்டு மாற்றுங்கள் என்கிறேன். அரசு உதவி பெறும் பள்ளி வேறு, அரசுப் பள்ளி வேறு. ஒதுக்கீடு அரசுப் பள்ளிக்குத்தான். இதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ் ஆகியவற்றை மார்ச், ஏப்ரலிலேயே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து வாங்கிவிடுங்கள். சீசன் நெரிசலில் மலைக் கிராமத்திலிருந்து கொடைக்கானலுக்கு வந்து போகவே ஒரு நாள் முழுவதும் போய்விடும்.

ஐ.ஐ.டி. ஆசை

சிலர் கேட்கிறார்கள், "என் பையன் ஐ.ஐ.டி.க்குப் படிக்கிறேன் என்கிறான், விடலாமா?" தாராளமாக விடுங்கள். ஆனால் அங்கேயும் வரிசையைப் பாருங்கள். 2025இல் ஜே.இ.இ. முதன்மைத் தேர்வு எழுதியவர்கள் 14 லட்சத்துக்கு மேல். நாட்டிலுள்ள 23 ஐ.ஐ.டி.களில் இடங்கள் சுமார் 18 ஆயிரம். ஏறத்தாழ எண்பது பேருக்கு ஒன்று. திருச்சி என்.ஐ.டி. போன்ற இடங்களில் பாதி இடம் அந்தந்த மாநிலப் பிள்ளைகளுக்கு என்பதால் அது இன்னும் கொஞ்சம் அருகில் இருக்கிறது. முதன்மைத் தேர்வை 2021 முதல் தமிழிலும் எழுதலாம், ஐ.ஐ.டி.க்கான அடுத்த கட்டத் தேர்வு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே.

எண்பதில் ஒன்று என்பதற்காக முயற்சியே செய்யாதே என்று சொல்லக்கூடாது. அந்த ஒருவன் நம் வீட்டுப் பிள்ளையாகவும் இருக்கலாம். ஆனால் எண்பதில் எழுபத்தொன்பது பேருக்கும் மறுநாள் காலை விடியத்தான் போகிறது. அந்தக் காலைக்கும் ஒரு வழி வைத்துவிட்டு ஆசைப்படட்டும். பிளஸ் டூ கணக்கை விட்டுவிடாமல் படித்தால் இரண்டு வழியும் திறந்திருக்கும். "உனக்காகக் கடையை அடமானம் வைத்திருக்கிறேன்" என்று சாப்பாட்டுத் தட்டின் முன் சொல்லாதீர்கள். பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் நம் கடன் சுமையை ஏற்றக்கூடாது. கிடைக்காமல் போனால் அந்தப் பிள்ளை வீடு திரும்ப முகமில்லாமல் நிற்கும்.

பெண்பிள்ளைகள் விஷயத்திலும் ஒன்று சொல்லியாக வேண்டும். தரவரிசை எண் கிண்டிக்கே போகும் என்றிருக்க, "தூரம், வேண்டாம்" என்று பக்கத்தில் ஏதோ ஒரு கல்லூரியில் போட்ட தகப்பனார் நம் சங்கத்திலேயே உண்டு. முதல் ரகச் சரக்கை மூன்றாம் ரக விலைக்குத் தள்ளிவிட்டோம் என்று எந்த வியாபாரியாவது பெருமைப்படுவானா? பிள்ளை சம்பாதித்த எண் அது. அதைக் குறைக்க நமக்கு உரிமையில்லை.

சங்கம் என்ன செய்யலாம்?

வணிகர்கள் கூடிக் கல்விக்குச் செய்தது புதிதல்ல. விருதுநகரில் நாடார் வணிகர்கள் மகமைப் பணத்தைக் கொண்டு 1889இல் சத்திரிய வித்யாசாலையைத் தொடங்கினார்கள். பெருந்தலைவர் காமராசர் படித்த பள்ளி அது. சரக்குக்கு இவ்வளவு என்று எடுத்து வைத்த சில்லறைக் காசு, ஒரு ஊரையே படிக்க வைத்தது. நாம் பள்ளிக்கூடம் கட்ட வேண்டாம். சங்கக் கட்டடத்தில் ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர், நல்ல இணைய இணைப்பு, ஓய்வு பெற்ற கணக்கு ஆசிரியர் ஒருவர். பிளஸ் டூ முடிவு வந்த நாள் முதல் கலந்தாய்வு முடியும் வரை தினமும் மாலை இரண்டு மணி நேரம். உறுப்பினர் பிள்ளைகளுக்கும், அவர்கள் கடையில் வேலை பார்க்கும் தொழிலாளர் பிள்ளைகளுக்கும், கேட்டு வரும் எவருக்கும். மலைக் கிராமங்களில் சிக்னல் கிடைக்காமல் பாறை மேல் ஏறி நிற்கும் பிள்ளைகளுக்கு இது பேருதவி. செலவு, ஆண்டு விழாவில் நாம் போடும் பந்தல் செலவில் கால்வாசிகூட ஆகாது. வரும் பொதுக்குழுவில் இதைத் தீர்மானமாகக் கொண்டுவர வேண்டும் என்று நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

அதுவரை ஒவ்வொருவரும் ஒரே ஒரு கட்டுப்பாட்டை ஏற்போம். தரவரிசைப் பட்டியல் வந்து, நம் கையால் பேரேடு எழுதிப் பார்க்கும் வரை எந்தத் தரகருக்கும் ஒரு பைசா அச்சாரம் கொடுப்பதில்லை. ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள், நல்ல இடம் கிடைத்தால் போட்ட பணத்துக்காகப் பிள்ளையை நிறுத்தாதீர்கள். கல்லூரியிலேயே கட்டணம் கட்டிச் சேர்ந்திருந்தாலும், குறித்த கடைசி நாளுக்குள் விலகினால் ஆயிரம் ரூபாய்க்கு மேல் பிடிக்காமல் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும், அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்ளக் கூடாது என்பது ஏ.ஐ.சி.டி.இ. விதி. எழுத்து மூலம் கேளுங்கள். கிடைத்தால் வரவு. கிடைக்காவிட்டால் நட்டக் கணக்கில் எழுதிவிட்டு, பிள்ளையை நல்ல கல்லூரிக்கு அனுப்பி வையுங்கள்.

வருட முடிவில் ஐந்தொகை போடும்போது எத்தனையோ நட்டங்களை எழுதியிருக்கிறேன். 2011ஆம் ஆண்டு நட்டத்துக்கு மட்டும் இன்றுவரை பத்தி கிடைக்கவில்லை. உங்கள் வீட்டில் அப்படியொரு கணக்கு விழ வேண்டாம்.

அடுத்த சீசனில் பையன் மதிப்பெண் தாளோடு கல்லாவுக்கு முன் வந்து நின்றால், ஐந்து நிமிடம் தராசைக் கீழே வைத்துவிட்டு அந்தத் தாளை வாங்கிப் பாருங்கள். வாடிக்கையாளர் காத்திருப்பார்.

ஒரு மளிகை வியாபாரி,
கொடைக்கானல்